கோடு விழாத ரிவால்வர்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். டீச்சரோ அதிகம் பேசாதவர். அவர் பேசிய நாலு வார்த்தையில் ஒன்றை நான் மாற்றிப் போட்டுவிட்டால் மிச்சம் மூன்றும் கெட்டுப்போகும். அதனால் அவர் செய்ததை நடந்தபடி எழுதுகிறேன். பேசியதை நினைவிருக்கிற மட்டும் எழுதுகிறேன்.

டீச்சர் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கம். வயது முப்பத்துநான்கு. எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. டீச்சர் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர். கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு துப்பாக்கி கிளப்பில் ரிவால்வர் சுடக் கற்றுத் தருகிறார்.

"டீச்சர்னு கூப்பிடாதீங்கக்கா. கையில சாக்பீஸ் இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார் முதல் நாள்.

எனக்கு வேறு சொல் வரவில்லை. இன்றுவரை டீச்சர்தான்.

ரிவால்வர் என் வீட்டுக்காரருடையது. ஜெர்மனியில் ஒரு சின்னப் பட்டறையில், இயந்திரம் வெட்டியதைக் கையால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திச் செய்தது. போட்டியில் சுடுகிற ஒருவர் அங்கிருந்து கொண்டுவந்து, கண் மங்கியதும் இவருக்கு விற்றார். அந்த வருடம் நாங்கள் கார் வாங்குவதாக இருந்தது. கார் வரவில்லை. இது வந்தது.

வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்டுவார். வெல்வெட் துணியில் வைத்து நீட்டுவார். நாவல்பழத் தோல் மாதிரி ஒரு மினுமினுப்பு. யாராவது தொட்டால் உடனே துடைப்பார்.

"எங்க அக்காளை ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்துக்கிட்டீங்களா மாமா?" என்று என் ஓரகத்தி கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை துடைப்பார்.

ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால் ரிவால்வர் போலீஸ் ஸ்டேஷனில் போய் இருந்தது. வாரிசு என்று எழுதிக் கொடுத்து, அலைந்து, என் பெயருக்கு லைசென்ஸ் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கொழுந்தனார் சாமியப்பன் வந்துவிட்டார்.

"உங்களுக்கெதுக்குங் அண்ணி இது? எம்பேருக்கு மாத்திக் குடுத்துருங்க."

சொல்லிக்கொண்டே எடுத்தார். குண்டு போடுகிற உருளையைத் திறந்து பார்த்தார். பிறகு சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டை ஒரு வீசு வீசிச் சடக்கென்று மூடினார்.

"குடுக்கறதா இல்லீங்க" என்றேன்.

வீம்புக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் போன ஆறாவது மாதம், நான் ஆனைமலைச் சந்தைக்குப் போயிருந்த பகலில், நான் தனியாக இருக்கிற தென்னந்தோப்பு வீட்டுக்குள் யாரோ புகுந்து பித்தளை அண்டாவையும் மோட்டார் ஒயரையும் எடுத்துப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து மட்டை விழுந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். ரிவால்வர் வந்தபிறகு அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

அங்கேதான் மகளோடு முட்டிக்கொண்டது. கோகிலவாணி திருப்பூரில் இருக்கிறாள். முதல் பிரசவம். எங்களில் முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான்.

"தலகாணிக்கடியில துப்பாக்கி வெச்சுட்டுப் படுக்கற வீட்டுக்கு நான் புள்ளை பெத்துக்க வரமாட்டேன்மா."

"அது இல்லாத வீட்டுல உன்னையும் புள்ளையையும் வெச்சுட்டு நான் எப்படிக் கண்ணு கண்ணை மூடுவேன்?"

இரண்டு பேரும் போனை வைத்துவிட்டோம்.

நன்றாகச் சுடக் கற்றுக்கொண்டுவிட்டால் எனக்குப் பயம் போகும், அவளுக்கும் நம்பிக்கை வரும் என்று கணக்குப் போட்டேன். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாடகைக் காரில் கிளப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

முதல் நாள் டீச்சர் சுடவே விடவில்லை. ரிவால்வரைக் கொடுக்கவும் வாங்கவும் மட்டும் சொல்லித் தந்தார். உருளையைத் திறந்து வெளியே சாய்க்க வேண்டும். அது இருந்த இடத்தில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாக விரலை நுழைத்துக் காட்டி, அப்புறம்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிறவரும் தன் விரலை நுழைத்துப் பார்க்க வேண்டும்.

"நான் பாத்துட்டேன்னு சொன்னாலும் நீங்க நம்பக் கூடாது."

"உங்களைக்கூடவா டீச்சர்?"

"என்னையத்தான் முதல்ல."

அப்புறம் என் ரிவால்வரை வாங்கினார். விரல் நுழைத்துப் பார்த்தார். உருளையை மூடித் திறந்து, காதருகே வைத்து இன்னொரு முறை மூடினார்.

"சினிமா பாத்துட்டு வந்து இதை மூடுனது யாருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரிஞ்சுது?"

"மூடுறப்போ ஒரு மயிரிழை உரசுது. வீசி மூடுனா உருளையைத் தாங்குற இந்தத் தண்டு வளையும். கெட்டுப்போகல, கெட்டுப்போகப் பாத்துச்சு. ரெண்டு கையாலயும் மூடணும்."

உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் இதை எவ்வளவு சுட்டிருப்பார்?"

"வாராவாரம் சுடறதாச் சொல்லுவாருங்க."

டீச்சர் தன் ரிவால்வரை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அதுவும் ஐரோப்பாவில் செய்ததுதான், செக் நாட்டுக்காரர்கள். ஆனால் கறுப்பெல்லாம் போய், கைபடும் இடம் வெளுத்திருந்தது. உருளையைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, வெள்ளிக் கொலுசுக் கம்பி மாதிரி பளபளத்தது.

"உருளை ஒவ்வொரு தடவை சுத்தும்போதும் அடியில ஒரு சின்ன நாக்கு அதைத் தேய்ச்சுக்கிட்டே வந்து பூட்டும். சுடுற ரிவால்வர்ல இந்தக் கோடு விழும். விழாம இருக்காது."

என்னுடையதைப் பார்த்தேன். நாவல்பழம் மாதிரியே இருந்தது. ஒரு இழை இல்லை.

"ஒரு தடவைகூடச் சுடலீங்களா அவரு?"

டீச்சர் இரண்டு கையாலும் அதை மெல்ல மூடி, பெட்டியில் வைத்தார்.

கிளப் ரிவால்வரில் பழகினேன். எனக்கே ஆச்சரியம், கை நின்றது. தேங்காய் உரிக்கிற கை, மூட்டை தூக்கின தோள். எடை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நாலாவது ஞாயிறு, அட்டையில் இருந்த கறுப்பு வட்டத்துக்குள் ஆறில் ஐந்து.

பக்கத்துத் தடுப்பில் சுடுகிறவர் ரிட்டயரான பேங்க் மேனேஜர். வந்த நாளாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் அம்மிணி, இளநி பறிக்கறதுக்காப் பழகறீங்க?"

"இல்லீங்க. உங்க அட்டையில ஓட்டையே காணமே, நானு நாலு போட்டுத் தரட்டுங்களா?"

அதற்கப்புறம் அவர் எனக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

ஆனால் என் சொந்த ரிவால்வரை எடுத்ததும் எல்லாம் கெட்டது. ஆறும் அட்டைக்குக் கீழே மண்ணில் போய் விழுந்தது. மறு வாரமும் மண். இத்தனை விலை கொடுத்த ரிவால்வர் ஒரு காகிதத்தைத் தொட மாட்டேன் என்கிறது.

"இதுல ஏதோ கோளாறுங்க டீச்சர். எங்க கொழுந்தனாரு வீசி மூடினதுல கெட்டுப்போச்சு."

டீச்சர் அதை வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். ஏதோ போட்டார், மூடினார், குண்டு தடுக்கிற மண்மேட்டைப் பார்க்க மேசையில் வைத்தார்.

"சுடுங்க. உள்ள என்ன இருக்குன்னு பாக்காதீங்க."

எடுத்தேன். மூச்சை நிறுத்தினேன். இழுத்தேன்.

டிக்.

வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை தலையை ஆட்டுவதுபோல் கீழே குனிந்தது. நானே பார்த்தேன்.

"இன்னொண்ணு" என்றார்.

டிக். மறுபடி குனிந்தது. ஆறு முறையும் டிக். ஆறு முறையும் குனிந்தது.

உருளையைத் திறந்து காட்டினார். ஆறும் ஏற்கெனவே சுட்டுப்போட்ட வெறும் தோட்டாக்கள்.

"சத்தமே வரல. பின்ன எதுக்குக்கா குனியுது?"

"வெடிக்கும்னு நெனச்சுட்டேனுங்க."

"கிளப் துப்பாக்கியும் வெடிக்குது. அங்க குனியலயே."

நான் யோசித்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

"கோடு விழுந்துருமேன்னு பயமா இருக்குதுங்க டீச்சர். அவரு அப்படிப் பாத்துக்கிட்டாரு. ஒவ்வொரு தடவை இழுக்கறப்பவும், இப்ப விழுந்துச்சோ, இப்ப விழுந்துச்சோன்னு இருக்கு."

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. அந்த வெறும் தோட்டாவையே வச்சு இழுத்துக்கிட்டே இருங்க. குழல் மண்ணைப் பாக்கட்டும்."

"எத்தனை தடவை?"

"நான் சாப்பிட்டுட்டு வர்றேன்."

போய்விட்டார்.

இழுத்தேன். டிக், டிக், டிக். விரல் வலித்தது, இடது கைக்கு மாற்றினேன். பேங்க் மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். டீச்சர் சாப்பிட்டு வந்து, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, டீயும் குடித்துவிட்டார். நான் இழுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறும் அதே ஸ்டூல்.

அந்த ஞாயிறு வெயில் சாயும்போது பார்த்தேன். உருளையைச் சுற்றி ஒரு தலைமுடி கனத்துக்கு வந்திருந்தது.

"போச்சு" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டீச்சர் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா போச்சு?"

நான் முந்தானையை எடுத்து அந்தக் கோட்டைத் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. துடைத்துத் துடைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இப்போ ஆறு நெசத் தோட்டா போடுங்க" என்றார்.

போட்டேன். இரண்டு கையாலும் மூடினேன். முதல் குண்டு கறுப்புக்குள் போனது. இரண்டாவது அதன் தோளை உரசிக்கொண்டு போனது. ஆறாவதைச் சுட்டபோது கை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அட்டையை இழுத்து வந்து பார்த்தால் ஆறு ஓட்டையும் என் உள்ளங்கைக்குள் அடங்கின.

அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன். மகளுக்குக் காட்ட வேண்டும். எனக்கு அவ்வளவு தைரியம் வந்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

"டீச்சர், இனி இது எங்கிட்ட இருந்தா நானு பத்திரமா இருப்பேனுங்களா?"

டீச்சர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். திருட்டையும் தலையணையையும் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"பகல்ல இதை எங்க வச்சிருக்கீங்க?"

"இரும்புப் பெட்டியில. மூணு பூட்டு. ஒரு சாவி அரிசிப் பானையில, ஒண்ணு சாமி படத்துக்குப் பின்னால, ஒண்ணு என் இடுப்புல."

"திருடன் வந்தா மூணையும் தொறக்க எவ்வளவு நேரமாகும்?"

"தொறக்கவே முடியாதுங்க அவனால."

"அவனை இல்லக்கா. உங்களைக் கேக்குறேன்."

நான் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அன்னிக்கு அவன் எந்த வழியா வந்தான்?"

"பின்கதவு வழியா. தாழ்ப்பாளை ஒடைச்சுட்டு."

"இப்போ அந்தத் தாழ்ப்பாள்?"

"ஒரு ஆணியை வளைச்சு வெச்சிருக்கேன்."

சொல்லி முடித்தபிறகுதான் என் காதிலேயே விழுந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இது வந்தபெறகு எங்கல்லாம் போயிருக்கீங்க?"

"எங்கியும் போறதில்லீங்க. இதை வீட்டுல வெச்சுட்டு எப்படிப் போறது? பக்கத்துல பேச்சியக்கா, வா, ரெண்டு நாள் எங்க வீட்டுல வந்து இருங்குது. அங்கியும் போகல. மகளோட வளைகாப்புக்குப் போனேன். வளையல் போட்டதும் கெளம்பிட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

வளைகாப்பு அன்று கோகிலவாணி வாசல் வரைக்கும் வந்தாள். இரண்டு கையும் நிறைய வளையல். 'வீட்டுல யாரும்மா காத்துட்டிருக்காங்க, இப்படி ஓடறே?' என்று கேட்டாள். அதை டீச்சரிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு அந்த நேரத்தில்தான் முழுசாகக் கேட்டது.

பக்கத்துத் தடுப்பில் மேனேஜர் ஒன்று சுட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. அதைக் கவனித்தேன்.

டீச்சர் தன் ரிவால்வரை எடுத்து, விரல் நுழைத்துப் பார்த்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, கிளப்பின் ஆயுத அறை ஜன்னலில் கொடுத்தார். உள்ளே இருந்தவர் தன் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். லைசென்ஸ் இருக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்து அங்கே வைக்கலாம். பதக்கம் வாங்கிய டீச்சர் அங்கே வைப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

"அப்ப வீட்டுல என்ன வெச்சிருப்பீங்க டீச்சர்?"

"வீட்டுலயா?"

ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்தார்.

"வீட்டுல நான் தூங்குவேன்க்கா."



அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஜன்னலுக்குப் போய் உருளையைத் திறந்து, விரலை நுழைத்துக் காட்டினேன். உள்ளே இருந்தவர் நுழைத்துப் பார்த்தார். அந்தக் கோட்டின் மேல் கட்டை விரலை வைத்து ஒரு முறை தடவிவிட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

வழியில் கொழுந்தனாரின் போன் வந்தது. விஷயம் கேட்டதும், "அப்ப எம்பேருக்கே மாத்திடலாமுங்களே அண்ணி?" என்றார்.

"ஞாயித்துக்கெழமை கெளப்புக்கு வாங்க. நானு சுடறதைப் பாத்துட்டுக் கேளுங்க" என்றேன்.

பொள்ளாச்சியில் காரை நிறுத்தச் சொல்லி, இரும்புக் கடையில் ஒரு முழ நீளத் தாழ்ப்பாள் வாங்கினேன். மகளைக் கூப்பிட்டேன்.

"எப்பக் கண்ணு கெளம்பி வர்றே?"

"அது?"

"கெளப்புல இருக்குது. அங்கியேதான் இருக்கும்."

போனில் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து, வளைத்து வைத்திருந்த ஆணியைப் பிடுங்கி எறிந்தேன். ஆசாரி பின்கதவில் தாழ்ப்பாளை அடித்துக் கொடுத்தார். அவர் போனதும் நானே அதைப் போட்டேன், திறந்தேன், மறுபடி போட்டேன். கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆடவில்லை.